பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் நான்கு நிமிடம்

2009ஆம் ஆண்டு, ஆடி மாதம். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் என் முன்னால் பாயில் உட்கார்ந்து தமிழ் அட்டையை வாசித்துக்கொண்டிருந்தான். எங்கும் திக்கவில்லை, கடகடவென்று போனது. எனக்குப் பெருமையாக இருந்தது. ஜன்னல் வழியே அடித்த ஆடிக்காற்றில் அட்டை அவன் கையிலிருந்து பறந்து அலமாரிப் பக்கம் போய் விழுந்தது. அவன் வாசிப்பதை நிறுத்தவே இல்லை. அட்டை இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு மீதி நான்கு வரியையும் முடித்துவிட்டு, நட்சத்திரம் போடுவேன் என்று என் முகத்தைப் பார்த்தான்.

அட்டையை எடுத்து வந்து கடைசி வரியில் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தேன். "இது என்னடா?"

கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் மெதுவாகக் கேட்டான்: "டீச்சர், மொதல்லேருந்து சொல்லட்டுமா?"

அந்தக் கேள்வி இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அவனுடைய அடைவுப் பதிவேட்டில் இரண்டு வருடமாக, மைல்கல் என்று நாங்கள் சொல்லும் பாடப் படிகள் எல்லாவற்றுக்கும் நேராக டிக் அடித்திருந்தவள் நான்தான். அவன் யாரையும் ஏமாற்றவில்லை. நான் கேட்ட விதத்துக்கு ஏற்ற பதிலை உண்மையாகத்தான் கொடுத்திருந்தான்.

நான் 2005ல் இடைநிலை ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்தேன். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகள் மூன்றில் வேலை பார்த்திருக்கிறேன். மூன்றுமே ஈராசிரியர் பள்ளிகள்தான். ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர்: தலைமை ஆசிரியர் ஒருவர், உதவி ஆசிரியர் ஒருவர். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டுதான் என் வேலை நாட்களில் பெரும்பகுதி கழிந்திருக்கிறது.

இந்த இருபது வருடத்தில் எத்தனையோ முறைகள் வந்து போயின. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003ல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08ல் மாநிலம் முழுக்க வந்தது. ஆந்திராவில் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் ரிஷி வேலியின் கிராமப் பள்ளிகளில் உருவான அட்டை முறைதான் அதற்கு வேர். கரும்பலகை பிள்ளைகளின் இடுப்பு உயரத்துக்கு இறங்கியது. நாற்காலியை ஓரம் தள்ளிவிட்டு நாங்களும் தரையில் உட்கார்ந்தோம். பாடங்களின் வரிசையைக் காட்டும் ஏணிப்படியில் தன் படி எது என்று பார்த்து, அதற்குரிய அட்டையைத் தட்டிலிருந்து பிள்ளையே எடுத்துக்கொண்டு வரும். ஆசிரியர் உதவியோடு படிக்கும் குழு, கூட்டாளியின் உதவியோடு படிக்கும் குழு, தானாகவே படிக்கும் குழு என்று அறை பிரிந்திருக்கும்.

அந்த முறையை நான் இன்றும் மதிக்கிறேன். பிள்ளை தன் வேகத்தில் போகலாம் என்று எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது அதுதான். இருந்தும் அந்தப் பையன் எனக்குத் தெரியாமல் நழுவினான். கூட்டாளி சொல்லச் சொல்லக் காதால் கேட்டே எல்லா அட்டைகளையும் மனப்பாடம் செய்திருந்தான். அபாரமான காது அவனுக்கு. அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் இதுவரை பார்க்காத ஒரு வரியைக் கொடுத்து ஒரு தடவை கேட்டிருந்தால் முதல் வகுப்பிலேயே தெரிந்திருக்கும்.

அன்றிலிருந்து ஒரு பழக்கத்தை வைத்துக்கொண்டேன். முறை எது மாறினாலும் இதை விட்டதில்லை. ஒவ்வொரு பிள்ளையையும் வாரம் ஒரு தடவை தனியாகப் பக்கத்தில் உட்காரவைத்து நான்கு நிமிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்பேன். இப்போது என்னிடம் 24 பிள்ளைகள். திங்கள் முதல் வியாழன் வரை நாளுக்கு ஆறு பேர், மொத்தம் 24 நிமிடம். லீவு போட்டவர்களுக்கு வெள்ளிக்கிழமை.

சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. செய்ய ஆரம்பித்தபோது முதல் மாதமே தடுமாறினேன். நான் ஒருவனிடம் கேட்டுக்கொண்டிருந்தால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? "டீச்சர், இவன் கிள்றான்" என்று வரிசையாக வந்து நின்றார்கள். அப்புறம் ஒரு ஏற்பாடு செய்தேன். என் துப்பட்டா போல ஒரு மஞ்சள் துணியைத் தோளில் போட்டுக்கொண்டால் ‘டீச்சர் கேக்குற நேரம்’. அப்போது ரத்தம் வந்தால் ஒழிய என்னைக் கூப்பிடக் கூடாது. குழுத் தலைவரிடம்தான் சொல்ல வேண்டும். அந்த நேரத்துக்குப் புதுப்பாடம் எதுவும் வைப்பதில்லை. முந்தின நாள் படித்ததைக் கீழ்மட்டப் பலகையில் எழுதுவது, படம் வரைந்து பெயர் எழுதுவது என்று பிள்ளைகள் தாங்களாகவே செய்யக்கூடிய வேலைதான். இரண்டு வாரத்தில் பழகிவிட்டார்கள். ஒன்றாம் வகுப்புக்கு மட்டும் தீபாவளி வரை ஆகும்.

கேட்பதற்கும் ஒரு ஒழுங்கு வேண்டும் என்பதைத் தவறுகள் செய்துதான் கற்றேன். பாடப்புத்தகத்தை வைத்துக் கேட்டால் மனப்பாடம் வரும். அதனால் எங்கிருந்தெல்லாமோ வரிகளைச் சேர்த்தேன். கல்யாணப் பத்திரிகை, பிஸ்கட் உறை, நூறு நாள் வேலைப் பலகையில் இருந்ததைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்த இரண்டு வரி, தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் நானே எழுதிய நாலு வரிக் கதை. பிள்ளை தப்பாக வாசித்ததும் வாய் துறுதுறுக்கும். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுவேன். பாதி நேரம் அந்த ஐந்துக்குள் அவர்களே திருத்திக்கொள்வார்கள். நான் உடனே சொல்லிக்கொடுத்துப் பழக்கியிருந்த காலத்தில் அவர்கள் எழுத்தைப் பார்க்காமல் என் உதட்டைப் பார்த்தார்கள். வாசித்து முடித்ததும் "என்ன நடந்துச்சு இதுல?" என்று ஒரு கேள்வி. அதோடு நான்கு நிமிடம் முடிந்தது. பாராட்டோ திருத்தமோ ஒன்றுதான் சொல்வேன். இரண்டு சொன்னால் இரண்டும் நிற்பதில்லை.

கையில் ஒரு நோட்டு. ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம். தேதி, வாசித்த சொல், பிள்ளை அதை எப்படி வாசித்தது என்பது மட்டும்தான் அதில் இருக்கும். மதிப்பெண் கிடையாது. இந்த நோட்டுகளை வருடக்கணக்கில் புரட்டிப் பார்த்ததில்தான், பயிற்சிக் காலத்தில் யாரும் எனக்குச் சொல்லாத சில விஷயங்கள் தெரிந்தன.

உகர வரிசையைச் சொல்கிறேன். ‘து’ நன்றாக வாசிக்கும் பிள்ளை ‘பு’வில் முட்டி நிற்கும். ‘கு’ தெரியும், ‘சு’ தெரியாது. ஏன் என்று எனக்கு விளங்கவே இல்லை. ஒரு நாள் 18 எழுத்தையும் வரிசையாக எழுதிப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. ஒலி ஒன்றுதான், வடிவம் மூன்று. கு, டு, மு, ரு, ழு, ளு என்று ஆறு எழுத்து அடியில் வளைந்து சுற்றும். ஙு, சு, பு, யு, வு ஐந்தும் நேராகக் கீழே கோடு இறக்கும். ஞு, ணு, து, நு, லு, று, னு ஏழும் வலப்பக்கம் மேலே தூக்கும். அகர வரிசைப்படி கற்பிக்கும்போது இந்த மூன்றும் கலந்து கலந்து வருகின்றன. வடிவத்தை வைத்துப் பிரித்தேன். பிள்ளைகளே பெயர் வைத்தார்கள்: சுருட்டை வால், நேர் வால், தும்பிக்கை. ஒரு கூட்டத்தை முழுக்க முடித்துவிட்டுத்தான் அடுத்தது. முன்பு ஒரு மாதம் இழுத்த வரிசை ஒன்றரை வாரத்தில் மனதில் நின்றது. நெடிலில் ‘கூ’ மட்டும் தனி வடிவம். அதைக் கடைசியில் கூவச் சொல்லிச் சேர்த்துக்கொள்வோம்.

கொம்பு எழுத்துகள் வேறு மாதிரிச் சிக்கல். கெ, கே, கை எல்லாவற்றிலும் குறி முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாகத்தான் வாசிக்க வேண்டும் என்று நாம் சொல்லிக்கொடுத்ததை அப்படியே நம்பும் பிள்ளை இங்கே தடுக்கி விழுகிறது. "கொம்பைப் பாத்ததும் வாயை மூடிக்கோ, எழுத்தைப் பாரு, அப்புறம் சேத்துச் சொல்லு" என்று ஒரு விளையாட்டாக்கினேன். ‘வௌவால்’ மட்டும் இன்றைக்கும் பாடு படுத்துகிறது. ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் ‘வெ ள வா ல்’ என்று நிதானமாக எழுத்தெழுத்தாக வாசிப்பார்கள். அவர்கள் பார்த்ததைச் சரியாகத்தான் சொல்கிறார்கள். அதைத் தப்பு என்று நோட்டில் குறிக்க எனக்கு மனம் வருவதில்லை. ‘பார்த்தது சரி’ என்று எழுதிவைப்பேன்.

ஒலியையும் வாசிப்பையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொள்ள எனக்குப் பல வருடம் ஆனது. எங்கள் பக்கத்தில் வாழைப்பழம் என்பது பேச்சில் ‘வாயப்பயம்’. பிள்ளை அப்படி வாசித்தால் அதற்கு எழுத்து தெரிந்திருக்கிறது என்றுதான் பொருள். ஆரம்ப வருடங்களில் அங்கேயே நிறுத்தி, நாக்கை மடிக்கச் சொல்லி, பத்துத் தடவை சொல்லவைப்பேன். அதற்குள் கதை போய்விடும், பிள்ளையின் முகமும் வாடிவிடும். ழகரத்துக்கு வேறு நேரம் வைத்துக்கொள்ளலாம். பாட்டு இருக்கிறது, நாப்பிறழ்ச் சொற்கள் இருக்கின்றன.

ஒரு சின்ன விஷயம் நினைவுக்கு வருகிறது. இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "எங்க ஆயா ‘லை’ வேற மாதிரி எழுதுது டீச்சர், தப்பா?" என்று கேட்டாள். அவள் ஆயா படித்த காலத்தில் லை, னை எல்லாம் தும்பிக்கை தூக்கிய வடிவத்தில் இருந்தன. 1978ல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்தில் 13 எழுத்துகள் மாறின. மறுநாள் அந்த ஆயாவையே பள்ளிக்கு வரச்சொல்லிப் பலகையில் எழுதச் சொன்னோம். சுண்ணாம்புக்கட்டியைப் பிடித்த கை நடுங்கியது. ‘யானை’ என்று எழுதினார். பிள்ளைகள் அன்று முழுக்க அந்தத் தும்பிக்கையைத்தான் வரைந்துகொண்டிருந்தார்கள்.

எங்கள் ஊரில் பொங்கல் முடிந்ததும் வகுப்பில் நாலைந்து இடம் காலியாகிவிடும். திருவள்ளூர், செங்கல்பட்டுப் பக்கம் செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போவார்கள். முன்பணம் வாங்கியிருப்பார்கள், நிறுத்தச் சொல்ல நமக்கு வாயில்லை. ஜூனில் திரும்பிவரும் பிள்ளை, மற்றவர்கள் எங்கேயோ போயிருக்க, தான் விட்ட இடத்திலிருந்தும் பின்னால் போயிருக்கும். முன்பெல்லாம் ‘இது மெதுவா படிக்கும்’ என்று முடிவுகட்டிவிடுவேன். நோட்டு இருப்பதால் இப்போது கதை வேறு. ஜனவரியில் அது எந்தச் சொல்லில் நின்றது என்று எனக்குத் தெரியும். அங்கிருந்து தொடங்க முடிகிறது. போகும்போதே காலண்டர் தாள் கதைகள் முப்பதை நூலில் கோத்துக் கொடுத்தனுப்புகிறேன். சில கட்டு அப்படியே திரும்பி வரும். சில கட்டு செம்மண் கறையோடு ஓரம் கிழிந்து வரும். கிழிந்து வந்தால் எனக்குச் சந்தோஷம்.

கொரோனா எல்லோரையும் சூளைக்குப் போன பிள்ளைகளாக ஆக்கியது. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. அன்று என் முன்னால் உட்கார்ந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள், ஒன்றாம் வகுப்பு முடியும் முன்பே வீட்டுக்குப் போனவர்கள். இரண்டாம் வகுப்பு என்ற ஒன்றையே அவர்கள் பார்க்கவில்லை. முதல் வாரம் கேட்டதில் 9 பேரில் 6 பேருக்கு மெய்யெழுத்து முழுக்க வரவில்லை. அந்தச் சமயத்தில் வந்த இல்லம் தேடிக் கல்வி எனக்குப் பெரிய கையாக இருந்தது. தன்னார்வலராக வந்தவர் அதே தெருவில் இருக்கும் பட்டதாரிப் பெண். சாயங்காலம் பிள்ளைகளைத் திண்ணையில் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுப்பார். என் நோட்டு முறையைக் காட்டினேன். மூன்றே வாரத்தில் என்னைவிட நன்றாகச் செய்தார். பிள்ளைகள் அவரிடம் பயமில்லாமல் தப்பு செய்தார்கள். "அக்கா கிட்ட நான் தப்பா படிச்சா அக்கா சிரிக்கும்" என்றான் ஒருவன். அதைக் கேட்ட பிறகு, பிள்ளை திணறும்போது என் முகம் எப்படி இருக்கிறது என்று கவனிக்க ஆரம்பித்தேன்.

2022 ஜூனில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைகள்; அரும்புதான் அடிநிலை. மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை அரும்பாக இருக்கலாம் என்பதை அரசே ஏற்றுக்கொண்டதில் எனக்கு நிம்மதி. கைப்பொம்மை, பாட்டு, வாசிக்கவும் கதை சொல்லவும் அறையில் ஒதுக்கிய களங்கள் எல்லாம் வகுப்புக்கு உயிர் கொடுத்தன. காலை உணவும் அப்படித்தான். 2023 ஆகஸ்டில் எங்கள் பள்ளிக்கு வந்தது. அதற்கு முன்னால் பத்தரை மணிக்கு "வயித்த வலிக்குது டீச்சர்" என்று இரண்டு பேராவது வருவார்கள். வெறும் வயிறு. இப்போது உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்டுவிட்டு உட்காருகிறார்கள். கேட்கும் நேரத்தை முதல் பாடவேளைக்கு மாற்றிக்கொள்ள முடிந்தது.

தொழில் மாறியிருப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் சேர்ந்தபோது வருகைப் பதிவேடு, பாடக்குறிப்பு, மாதாந்திர அறிக்கை ஆகியவைதான் எழுத்து வேலை. இப்போது வருகை முதல் மதிப்பீடு வரை எல்லாம் செல்போனில். நெட்வொர்க் கிடைக்க வேப்பமரத்தடிக்குப் போக வேண்டும். நான் வெளியே நிற்கும் பத்து நிமிடம் உள்ளே 24 பேருக்கு ஆசிரியர் இல்லை. பதிவு செய்வதால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். சூளைக்குப் போன பிள்ளை வேறொரு மாவட்டத்தில் சேர்ந்தால் அதன் மாணவர் எண்ணை வைத்துக் கண்டுபிடிக்க முடிகிறது. முன்பு அது முடியாது. ஆனால் அந்த வேலைக்கான நேரம் பிள்ளையின் நேரத்திலிருந்து எடுக்கப்படுகிறது. ஒரு வருடம் நாளுக்கு ஆறு பேர் என்பது மூன்றாகக் குறைந்தது. நோட்டில் பக்கங்கள் காலியாகக் கிடந்ததைப் பார்த்தபோது பயமாக இருந்தது.

தலைமை ஆசிரியரிடம் உட்கார்ந்து பேசினேன். அவரும் அதே நெருக்கடியில்தான் இருந்தார். காலை வருகையை ஒன்பதரைக்குள் முடித்துவிட்டு இரண்டு பேர் செல்போனும் பீரோவுக்குள் போய்விடும். மற்றப் பதிவுகள் மதிய இடைவேளையில். அவசரம் என்று அழைப்பு வந்தால் ஒருவர் மட்டும் போவது, மற்றவர் அறைகளுக்கு நடுவில் நிற்பது. சில நாள் இது உடைந்துபோகும். பெரும்பாலான நாள் நிற்கிறது. இதை ஒவ்வொரு பள்ளியிலும் இருவர் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டிய நிலை இருக்கக் கூடாது. தொடக்கப் பள்ளிகளுக்குப் பதிவு வேலைக்கென்று தனி ஆள் வேண்டும். நாலைந்து பள்ளிக்கு ஒருவர் இருந்தால்கூடப் போதும்.

சேர்க்கைக்கு மே மாதம் வீடு வீடாகப் போவதும் இப்போது எங்கள் வேலைதான். தனியார் பள்ளிகளின் மஞ்சள் வேன் காலையில் மூன்று தடவை ஊருக்குள் வருகிறது. ஒரு அப்பா வாசலில் நிற்கவைத்தே சொன்னார்: "தப்பா நெனைக்காதீங்க டீச்சர். பெரியவன் உங்க கிட்ட படிக்கட்டும். சின்னவன வேன்ல அனுப்பலாம்னு இருக்கோம்." நான் வாதாடவில்லை. பெரியவனைக் கூப்பிட்டு, அவர் கையில் இருந்த உர மூட்டை ரசீதை வாசிக்கச் சொன்னேன். வாசித்தான். தொகையைக் கூட்டியும் பார்த்தான். அப்பா ரசீதைத் திரும்ப வாங்கிக்கொண்டு எதுவும் சொல்லவில்லை. சின்னவன் வேனில்தான் போகிறான். ஆனால் அந்த அப்பா இப்போது ராத்திரியில் இரண்டு பிள்ளைகளையும் வாசிக்கச் சொல்லிக் கேட்கிறாராம்.

2025 செப்டம்பர் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள், எப்போது வேலைக்குச் சேர்ந்திருந்தாலும், இரண்டு வருடத்துக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும். எனக்கு ஓய்வுக்கு இன்னும் 11 வருடம் இருக்கிறது. அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை. இருபது வருடம் வேலை பார்த்த பிறகு ‘உனக்குத் தகுதி உண்டா’ என்ற கேள்வி வலிக்கத்தான் செய்கிறது. வேலை போனால் வீடு என்ன ஆகும் என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. இப்போது ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் உட்கார்ந்து படிக்கிறேன். மொத்தம் 150 கேள்வி, அதில் குழந்தை வளர்ச்சிக்கு 30. உளவியலாளர் பியாஜே சொன்ன வளர்ச்சி நிலைகளைப் படிக்கும்போது என் நோட்டிலிருக்கும் பிள்ளைகளின் முகங்கள் வருகின்றன. படிப்பது வீண் என்று தோன்றவில்லை. ஆனால் ஒரு ஆசிரியர் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து எப்படிக் கேட்கிறார் என்பதையும் யாராவது வந்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். பார்த்துவிட்டு, நான் எங்கே அவசரப்படுகிறேன் என்று சொன்னால் நன்றியோடு கேட்டுக்கொள்வேன். இருபது வருடத்தில் அப்படி ஒருவர் வந்து அரை மணி நேரம் முழுதாக உட்கார்ந்தது இரண்டே தடவை.

போன ஜூனில் பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் புதிதாக வந்த ஆசிரியை, அக்கம்பக்கப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் என் நோட்டைப் பார்த்துவிட்டு, "எங்க ஆரம்பிக்கறது அக்கா?" என்று கேட்டார். முதல் வாரம் எதுவும் சொல்லிக்கொடுக்காமல் கேட்க மட்டும் செய்யுங்கள் என்றேன். ஒரு நாளைக்கு மூன்று பேர் போதும். நன்றாகப் படிக்கும் பிள்ளையிடமிருந்து தொடங்குங்கள். மற்றவர்களுக்கு அது தண்டனை இல்லை என்று தெரியும். நாற்காலி வேண்டாம். பிள்ளை படிக்காத வரியாக இருக்கட்டும், ஐந்து வரிக்கு மேல் வேண்டாம். தப்பாக வாசித்த சொல்லை அது வாசித்தபடியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு மாதம் கழித்து ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிட்டார். "அக்கா, மூணாவது படிக்கிற ஒரு பொண்ணு, புக்க தலைகீழா வச்சிக்கிட்டே பாடத்த முழுசா படிச்சிட்டா."

"எழுத்து எதுவரைக்கும் தெரியுது?" என்று கேட்டேன்.

"மெய்யெழுத்து வரைக்கும் தெரியுது. உயிர்மெய்ல கா, கி வரைக்கும்."

"சரி, நோட்ட எடுங்க" என்றேன்.